சாப்பிட மறுத்த மைலோ: ஓர் ஆண் பால் பைத்தானின் ஐந்து மாதப் பட்டினி

மூன்று வயது ஆண் பால் பைத்தான் (ball python), ஆப்பிரிக்க மலைப்பாம்பு வகை. ஐந்து மாதமாக எதுவும் சாப்பிடவில்லை. இடம் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட். வளர்ப்பவர் தொழிற்சாலையில் வேலை செய்யும் இளைஞர். இங்கே அவரைத் தம்பி என்றே சொல்கிறேன். பழுப்புத் திட்டுகள் நிறைந்த உடம்பு என்பதால் பாம்புக்கு மைலோ என்று, சாக்லேட் பானத்தின் பெயரையே வைத்திருக்கிறார். மலேசிய வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் உரிமம் முறையாக இருக்கிறது.

நான் கால்நடை மருத்துவன் அல்லன். பல வருடமாக மலைப்பாம்பு வளர்ப்பவன். இந்தப் பக்கம் யாருடைய பாம்பாவது இரையைத் தொடவில்லை என்றால் கூப்பிடுவார்கள், போய்ப் பார்ப்பேன். தம்பியும் அப்படித்தான் கூப்பிட்டார். "அண்ணே, இது செத்துடுமா?" என்பதுதான் முதல் கேள்வி. ஐந்து மாதமும் அவர் பாம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். கோளாறு அறையிலும் அம்மாவின் ஃபிரிட்ஜிலும் இருந்தது.

சாப்பாட்டின் முன்கதை

தம்பியின் குடும்பம் முன்பு தோட்டத்து லயத்தில் இருந்தது. பால்மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை வந்த பிறகு, டவுனுக்குப் பக்கத்தில் ஒரு தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், வீடு வாங்கிக் குடியேறினார்கள். அப்பாவுக்கு இன்னும் தோட்டத்தில் கூட்டாளிகள் உண்டு. மைலோவின் சாப்பாடு பின்னால் அங்கிருந்துதான் வந்தது.

குட்டியாக வாங்கியபோது, உறைய வைத்த வெள்ளைச் சுண்டெலியைச் சாப்பிட அது பழகியிருந்தது. தம்பியும் அதையே தொடர்ந்தார். கொஞ்சம் வளர்ந்ததும் வெள்ளை எலிக் குஞ்சுக்கு மாற்றினார், அதையும் மறுக்காமல் எடுத்துக்கொண்டது. ஒரு வெள்ளிக்கிழமை காலை அம்மா ஃபிரிட்ஜின் மேல்தட்டைத் துடைக்கப் போக, ஐஸ் பொட்டலத்துக்குப் பின்னால் வால் தெரிந்தது. "பாம்பு இருந்தா இருந்துட்டுப் போகட்டும். எலி என் ஃபிரிட்ஜில இருக்கக் கூடாது" என்று தீர்ப்பாகிவிட்டது. அம்மா சொன்னதில் தப்பில்லை. எலியும் பாம்பும் சால்மொனெல்லா கிருமியைச் சுமக்கக்கூடியவை. மனிதர் சாப்பிடும் உணவோடு அவற்றை வைப்பது எந்த வீட்டிலும் சரியில்லை.

அதற்குப் பிறகு உயிருள்ள எலி. முதலில் ஈப்போவில் ஒரு கடையில் வாங்கினார். போக வரச் செலவு கட்டுப்படியாகவில்லை. அப்பாவின் கூட்டாளி ஒருவர் செம்பனைக் காட்டில் கூண்டு வைத்துப் பிடித்துக் கொடுக்க ஆரம்பித்தார். உதிர்ந்த செம்பனைப் பழத்தைத் தின்று கொழுத்த எலி, காசும் இல்லை. மைலோ ஏறக்குறைய ஒரு வருடம் இதைச் சாப்பிட்டது.

தோட்டத்து எலியைப் பாம்புக்குப் போடும் பழக்கம் நான் பார்த்த பல வீடுகளில் இருக்கிறது. எனக்கு இது அறவே பிடிக்காது. செம்பனைத் தோட்டங்களில் எலியைக் கட்டுப்படுத்த ஆந்தைக் கூடுகள் வைக்கிறார்கள், மருந்தும் போடுகிறார்கள். புரோடிஃபாகூம் போன்ற மருந்துகள் ஈரலில் மாதக்கணக்கில் தங்கக்கூடியவை. மருந்து தின்ற எலி உடனே சாவதில்லை. அந்த இடைவெளியில் கூண்டில் மாட்டினால் பார்க்க ஆரோக்கியமாகவே இருக்கும். அத்தகைய எலிகளைத் தின்ற ஆந்தைகள் பாதிக்கப்பட்டது மலேசியத் தோட்டங்களிலேயே பதிவாகியிருக்கிறது. ஒட்டுண்ணிகள் ஒரு பக்கம். எலிக்காய்ச்சல் இன்னொரு பக்கம். அது பாம்பைவிடக் கூண்டைக் கையில் தூக்கிவரும் மனிதருக்குத்தான் ஆபத்து.

மைலோவுக்கு மருந்தால் எதுவும் ஆகவில்லை. எலியின் பல்லால் ஆனது. அக்டோபரில் ஒரு பெரிய எலியை டேங்கில் விட்டுவிட்டுத் தம்பி வேலைக்குப் போய்விட்டார். மாலையில் வந்து பார்த்தால் எலி உயிரோடு ஒரு மூலையில், பாம்பு இன்னொரு மூலையில். பாம்பின் முதுகில் இரண்டு இடத்தில் தோல் பிய்ந்திருந்தது. காட்டில் பாம்பு விலகிப் போய்விடலாம், கண்ணாடிப் பெட்டிக்குள் எங்கே போகும்? புண் ஆறிவிட்டது, தழும்பு இருக்கிறது. அதற்குப் பிறகு ஒரே ஒரு முறை சாப்பிட்டது. நவம்பர் கடைசியிலிருந்து சுத்தமாக நிறுத்திவிட்டது.

அதே நவம்பரில் இன்னும் இரண்டு மாற்றம். தம்பி ஆசைப்பட்டு நான்கு அடிக் கண்ணாடி டேங்க் வாங்கினார். அது ஹாலில் இடம் கொள்ளாததால் தன் அறைக்கு மாற்றினார். வேலையும் இரவு ஷிஃப்டுக்கு மாறியது.

நேரில் பார்த்தபோது

ஏப்ரல் மாதம், மதியம் மூன்று மணி வாக்கில் போனேன். வெளியே தார் உருகும் வெயில். அறைக்குள் நுழைந்தால் குளிர் முகத்தில் அடித்தது. இரவு வேலை முடித்து வந்து பகலில் தூங்குபவர் ஏர்கோனை 20-ல் வைத்துத் தூங்குகிறார், வேறெப்படித் தூங்குவது? டேங்கின் மேல் ஓரத்தில் ஒட்டியிருந்த வட்ட வெப்பமானி 29 காட்டியது. கையோடு கொண்டுபோயிருந்த இன்ஃப்ராரெட் வெப்பமானியைத் தரையில் பிடித்தேன். சூடான மூலை என்று தம்பி நம்பிய இடம் 26.5. எதிர்மூலை 22. அடியில் ஹீட் பேட் இருந்தது, ஆனால் அதற்கு மேல் நான்கு விரல் உயரத்துக்குத் தேங்காய் நார்த்தூள். சூடு அதைத் தாண்டி மேலே போதிய அளவு வரவில்லை.

இரவில் தம்பி வேலைக்குப் போனதும் ஏர்கோன் நிற்கும், அறை மெல்லச் சூடாகும். ஆக மைலோவுக்குப் பகல் குளிர், இரவு வெப்பம். வெளிச்சமும் அதே குழப்பம்தான்.

டேங்கில் ஒளிந்துகொள்ள இருந்தது ஒரே ஒரு அரைத் தேங்காய் ஓடு, அதுவும் குட்டியாக இருந்தபோது வாங்கியது. பாம்பு தலையை மட்டும் அதற்குள் நுழைத்துக்கொண்டு உடம்பை வெளியே விட்டுக் கிடந்தது. நான்கு பக்கமும் கண்ணாடி. பால் பைத்தான் மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் புல்வெளிகளில் எலி வளைகளுக்குள்ளும் கரையான் புற்றுகளுக்குள்ளும் பகலைக் கழிக்கும் பிராணி. உடம்பைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஏதாவது உரசிக்கொண்டிருந்தால்தான் அதற்கு நிம்மதி.

டேங்கின் ஓரத்தில் ஒரு சின்னக் கிண்ணமும் இருந்தது. பாட்டி வைத்த பால். பக்கத்தில் ஒரு முட்டை. "நாகம் பட்டினி கிடக்கக் கூடாது தம்பி, பால் வெச்சாக் குடிக்கும்" என்றார். பாம்புக்குப் பாலைச் செரிக்கும் வசதி கிடையாது; தாகத்தில் தவிக்கும் பாம்பு எந்த நீர்மம் கிடைத்தாலும் குடிக்கும், அவ்வளவுதான். முட்டை தின்பதற்கென்றே ஆப்பிரிக்காவில் வேறு பாம்பு இனம் இருக்கிறது, இது அந்த இனம் இல்லை. பாட்டியிடம் இதையெல்லாம் விளக்கவில்லை. பாலைக் கோயில் புற்றில் ஊற்றும்படி கேட்டுக்கொண்டேன், அவரும் சரி என்றார்.

அடுத்து பாம்பு. எடை 1,215 கிராம். தம்பி அக்டோபரில் குறித்து வைத்த எடை 1,340. அதற்குப் பிறகு ஒன்பது விழுக்காடு குறைந்திருக்கிறது. முதுகெலும்பு கத்திமுனை போலத் துருத்தவில்லை, உடம்பு முக்கோணமாக வற்றவில்லை, பக்கவாட்டுத் தோலில் மடிப்பு இல்லை. வாயைத் திறந்து பார்த்ததில் ஈறு இளஞ்சிவப்பு. சீழோ தயிர்க்கட்டி போன்ற படிவோ இல்லை. மூச்சில் சீட்டி ஒலி இல்லை, மூக்கில் குமிழ் இல்லை. தாடையின் அடி மடிப்பிலும் கண் ஓரத்திலும் தண்ணீர்ப் பாத்திரத்திலும் உண்ணி தேடினேன், இல்லை. வயிற்றின் நடுவே வீக்கம் இல்லை, இதுவரை இரையைக் கக்கியதும் இல்லை. இவை எல்லாமே முக்கியம். கக்குதலும் நடு உடல் வீக்கமும் சேர்ந்து இருந்தால் கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமியை நினைக்க வேண்டும். அது வேறு கதை, நான் கைவைக்கும் விஷயமே அல்ல.

ஏன் சாப்பிடவில்லை

பால் பைத்தான் பட்டினிக்குப் பேர்போனது. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புரிவது கடினம், ஏனென்றால் அவர்கள் பார்த்த மலைப்பாம்பு வேறு. கால்வாயிலும் செம்பனைக் குவியலிலும் கிடக்கும் நம் ஊர்ச் சாவா மலைப்பாம்பு, எலி கோழி நாய் எதையும் விடாது. அதைப் பார்த்துவிட்டு "மலைப்பாம்புக்கு என்ன, எதைப் போட்டாலும் தின்னும்" என்பார்கள். பால் பைத்தான் அப்படி இல்லை. முதிர்ந்த ஆண், இனப்பெருக்கப் பருவத்தில் சில மாதம் சாப்பிடாமல் இருப்பது சாதாரணம். வளர்ப்பில் அந்தப் பருவம் பெரும்பாலும் நவம்பரை ஒட்டித் தொடங்கும். பாம்பை இனப்பெருக்கம் செய்பவர்கள் அதைத் தூண்டுவதற்காகவே டேங்கின் வெப்பத்தைக் குறைப்பார்கள். தம்பியின் ஏர்கோன் தெரியாமலே அந்த வேலையைச் செய்திருக்கலாம் என்பது என் ஊகம்.

ஆனால் பருவம் மட்டும் என்றால் மார்ச்சுக்குப் பிறகாவது பசி திரும்பியிருக்க வேண்டும். திரும்பாததற்கு வெப்பம்தான் முதல் காரணம் என்று நினைக்கிறேன். பாம்பு தன் செரிமானச் சூட்டை வெளியிலிருந்துதான் வாங்குகிறது. 22 டிகிரியில் முழு எலியை விழுங்கினால் அது செரிக்காமல் வயிற்றிலேயே அழுகக்கூடும். அந்த அறையில் மைலோ சாப்பிட மறுத்தது, சாப்பிட்டிருந்தால் நடந்திருக்கக்கூடியதைவிடப் பல மடங்கு மேல்.

இரண்டாவது பயம். ஒளிய இடமில்லாத டேங்க், அதில் தன்னைக் கடித்த பிராணி. தம்பியே சொன்னார், எலியை உள்ளே விட்டதும் மைலோ தலையை இழுத்துச் சுருண்டுவிடுகிறதாம். பசித்த பாம்பு நாக்கை நீட்டி நீட்டி மோப்பம் பிடிக்கும், கழுத்தை எஸ் வளைவாக்கிக் காத்திருக்கும். மைலோ செய்தது தற்காப்பு.

மூன்றாவது, அக்கறை. இதை எழுதும்போது தம்பி கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன். இரண்டு நாளைக்கு ஒருமுறை எலியைக் காட்டியிருக்கிறார். மறுத்தால் கையில் எடுத்துத் தடவிக் கொடுத்திருக்கிறார். நண்பர்கள் வந்தால் எடுத்துக் காட்டியிருக்கிறார். யூடியூபில் பார்த்து வாயைத் திறந்து எலியைத் திணிக்கவும் யோசித்திருக்கிறார், நல்லவேளை அதற்குள் என்னைக் கூப்பிட்டார். உடம்பு வற்றாத, முதிர்ந்த பாம்புக்குத் திணித்து ஊட்ட எந்தத் தேவையும் இல்லை. உணவுக்குழாயில் காயம் படலாம், பயத்தில் கக்கிவிடலாம். முட்டையிலிருந்து வந்து ஒன்றுமே தின்னாமல் வாடும் குட்டிக்குக்கூட அது கடைசி வழிதான்.

செய்தது

முதல் மூன்று வாரம் எலியையே காட்டவில்லை. தம்பிக்கு இதுதான் மிகவும் கடினமாக இருந்தது. பட்டினி கிடக்கும் பிராணிக்கு இன்னும் மூன்று வாரம் சாப்பாடு வேண்டாம் என்றால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

மைலோ ஹாலின் ஓரத்துக்கு, ஏர்கோன் இல்லாத இடத்துக்கு, திரும்பியது. நான்கு அடி டேங்கை ஒதுக்கிவிட்டு, மூடி பூட்டக்கூடிய, ஒளி ஊடுருவாத பிளாஸ்டிக் பெட்டி வைத்தோம். பக்கவாட்டில் காற்றுத் துளைகள். சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று என ஒரே மாதிரி இரண்டு ஒளிவிடம், சுருண்டால் முதுகு கூரையில் உரசும் அளவுக்கு இறுக்கமாக. நார்த்தூளை எடுத்துவிட்டுச் சாதாரணத் தாள் விரித்தோம், மலம் வந்தால் உடனே தெரியும். ஹீட் பேடுக்குத் தெர்மோஸ்டாட் போட்டு, அதன் உணரியைத் தரையோடு ஒட்டி 32-ல் நிறுத்தினோம். குளிர்ந்த பக்கம் நம் ஊர்க் காற்றிலேயே 27, 28-ல் நின்றது. ஈரப்பதத்துக்கு எதுவும் செய்யவில்லை; மலேசியாவில் அதைக் கூட்ட வேண்டிய அவசியம் ஏர்கோன் அறையில் மட்டும்தான் வரும். வாரம் ஒருமுறை எடை பார்க்க மட்டும் கையில் எடுத்தார். மூன்று வாரத்தில் எடை ஏழு கிராம்தான் இறங்கியது.

இதற்கிடையில் ஈப்போவில் ஒரு கால்நடை மருத்துவரிடமும் காட்டினோம். அவரும் உடல்நிலையில் குறை காணவில்லை. காட்டு எலி தின்ற பாம்பு என்பதால் மலப் பரிசோதனை வேண்டும் என்றார். பட்டினி கிடக்கும் பாம்பிடம் மலத்துக்கு எங்கே போவது? சாப்பிட்ட பிறகு கொண்டுவரச் சொன்னார்.

இரைக்கு வருவோம். உயிருள்ள எலி இனி இல்லை என்று முடிவானது. முதல் வேளை சிறியதாக இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். நீண்ட பட்டினியில் பாம்பின் குடல் சுருங்கிச் செயல்குறைந்து கிடக்கும். ஸ்டீபன் செகோரும் ஜாரட் டைமண்டும் பர்மா மலைப்பாம்புகளில் செய்த ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டின: இரை உள்ளே போனதும் குடல் சில நாளில் இரு மடங்காகிறது, உடலின் எரிசக்திச் செலவு பல மடங்கு எகிறுகிறது. 2005-ல் வெளியான இன்னோர் ஆய்வில் இரண்டே நாளில் இதயக் கீழறையின் எடை 40 விழுக்காடு கூடியிருந்தது. செரிக்கவே பெரும் முதலீடு தேவைப்படும் உடம்பு அது. அதன்மேல் பெரிய எலியை ஏற்றக் கூடாது. எனவே 60 கிராமுக்குள் ஒரு வெள்ளை எலி, மைலோவின் எடையில் ஐந்து விழுக்காடு.

உறைந்த எலியை முந்தைய இரவே குளிர்ப்பெட்டியில் இளக வைத்து, பிறகு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு வெந்நீரில் சூடேற்றினோம். மைக்ரோவேவ் கூடவே கூடாது, சூடு சீராக ஏறாது, ஓர் இடம் வெந்து இன்னோர் இடம் பச்சையாக இருக்கும், வயிறும் வெடிக்கலாம். தலைப்பகுதி 38, 39 டிகிரிக்கு வர வேண்டும். பால் பைத்தானின் மேல் உதட்டில் வெப்பத்தை உணரும் குழிகள் இருக்கின்றன. இருட்டில் அதற்கு எலி என்பது சூடான ஓர் உருவம். ஆறிப்போன எலி அதற்கு வெறும் வாடை.

முதல் இரவு விளக்கை அணைத்துவிட்டு நீண்ட இடுக்கியால் காட்டினார். நாக்கை நீட்டியது, பின்வாங்கவில்லை, எடுக்கவும் இல்லை. ஒளிவிடத்தின் வாசலில் எலியை வைத்துவிட்டு வந்துவிட்டார். காலையில் அப்படியே இருந்தது, எடுத்து எறிந்தார். ஒரு வாரம் கழித்து மறுபடி, அதே கதை. ஆனால் இந்த முறை தலை வெளியே வந்து எஸ் வளைவில் நின்றது என்றார். தொலைபேசியில் அவர் குரலே மாறியிருந்தது.

மூன்றாவது முறைக்கு ஒரு சின்ன யுக்தி. காட்டில் பால் பைத்தான்களை ஆராய்ந்தவர்கள், ஆண்கள் மரமேறிப் பறவைகளை அதிகம் தின்பதையும் பெண்கள் எலி வகைகளை அதிகம் தின்பதையும் கண்டிருக்கிறார்கள். காடைக் குஞ்சையே கொடுக்கலாம், ஆனால் அதற்குப் பழகிவிட்டால் அடுத்த தொல்லை. அதனால் சூடேற்றிய எலியின் முகத்தில் காடைக் குஞ்சின் இறகைத் தேய்த்தோம். இடுக்கி வாசலுக்குப் போனதும் அடித்தது. இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கியது. எலியின் வாலை இடுக்கியால் லேசாக அசைக்கச் சொன்னேன். போவா பாம்புகள் இரையின் இதயத் துடிப்பை உணர்ந்து, துடிப்பு இருக்கும்வரை பிடியை இறுக்குவதாகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. செத்த எலியிலும் கொஞ்சம் அசைவு இருந்தால் பாம்பு பிடியை விட்டுப் போகாது. பத்து நிமிடம் போல இறுக்கியபின், தலையைத் தேடி விழுங்கத் தொடங்கியது.

இறகால் சாப்பிட்டதா, அந்த வாரங்களின் சூட்டாலும் அமைதியாலும் சாப்பிட்டதா என்று ஒரே பாம்பை வைத்துச் சொல்ல முடியாது. நான் இரண்டாவதையே நம்புகிறேன். அடுத்த வேளைக்கு இறகு இல்லாமலே எடுத்துக்கொண்டது.

பிறகு

சாப்பிட்டதும் இரண்டு நாள் பெட்டியையே திறக்க வேண்டாம் என்றேன். பாட்டி பார்க்க வேண்டும் என்றார், மூடியோடு பார்த்தார். கக்கவில்லை. இரண்டாம் வேளை பத்து நாள் கழித்து, அதே அளவு. மூன்றாவதிலிருந்து 80 கிராம் எலி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. மலம் வந்ததும் ஈப்போவுக்குப் போனது. அதில் தெரிந்த சில முட்டைகள் எலியின் ஒட்டுண்ணிகளுடையவை, பாம்பின் வயிறு வழியாக வெறுமனே கடந்து வந்தவை என்று மருத்துவர் சொன்னார். சிகிச்சை தேவைப்படவில்லை. முட்டை தெரிகிறதே என்று பார்த்த உடனே பூச்சி மருந்து ஊற்றாத மருத்துவர் கிடைப்பது அதிர்ஷ்டம்தான்.

ஃபிரிட்ஜ் பிரச்சினை பேச்சுவார்த்தையில் தீர்ந்தது. பழைய ஐஸ்கிரீம் ஃபிரீசர் ஒன்றை வாங்கிப் பின்கட்டில் வைத்திருக்கிறார்கள், பூட்டோடு. எலிக்கென்று தனி வாளி, தனி இடுக்கி, எதுவும் சமையலறைக்குள் வராது. அம்மா போட்ட இன்னொரு நிபந்தனை, வெள்ளிக்கிழமை மைலோவுக்குச் சாப்பாடு கிடையாது. பாம்புக்கு எந்த நாளும் ஒன்றுதான் என்பதால் ஒப்புக்கொண்டோம். தோட்டத்து எலிகள் நின்றுவிட்டன. அப்பாவின் கூட்டாளிக்குத்தான் கொஞ்சம் வருத்தம்.

ஆகஸ்டில் எடை 1,345 கிராம். நான்கு அடி டேங்க் இன்னும் தம்பியின் அறையில் காலியாகத்தான் இருக்கிறது. மூன்று பக்கமும் கறுப்புத் தாள் ஒட்டி, உள்ளே நிறைய மறைவிடம் வைத்து, ஹாலில் இடம் கிடைத்தால் மாற்றலாம் என்று சொல்லியிருக்கிறேன். பெரிய பெட்டியில் தப்பில்லை, வெறுமையான பெட்டியில்தான் தப்பு.

வரும் நவம்பரில் மைலோ மறுபடி சாப்பாட்டை நிறுத்தலாம். அதற்கும் இப்போதே பேசி வைத்திருக்கிறோம்: முதலில் தரைச்சூட்டை அளப்பது, பிறகு மூன்று வாரத்துக்கு ஒருமுறை மட்டும் இரை காட்டுவது, மறுத்தால் கையில் எடுக்காமல் விடுவது. எடை 1,210-க்குக் கீழே போனாலோ, வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ, கக்கினாலோ நேராக மருத்துவரிடம். இல்லையென்றால் தராசில் வாரம் ஒருமுறை, அவ்வளவே.